பத்து காசுக்கு ஒரு கத்தி

அப்பா வைத்திருந்த மடக்குக் கத்தியைப் பேரனுக்குக் கொடுக்கலாமா என்று சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர் போன மாதம் கேட்டிருந்தார். "தாராளமாக" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். நம் வாசகர்கள் அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆட்களா? புந்தோங் தொடங்கி தெலுக் இந்தான் வரைக்கும் கடிதம் வந்து குவிந்துவிட்டது. அதனால் இந்த வாரம் முழுக்கக் கத்திதான். விரலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு படியுங்கள்.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்து போகும் என்கிறாரே என் மாமியார்? (வாசகி, புந்தோங்)

பேசாமல் போய்விட்ட அண்ணன் தம்பி யாராவது இருந்தால் விசாரித்துப் பாருங்கள், யார் யாருக்குக் கத்தி கொடுத்தார்கள் என்று. பெரும்பாலும் கொடுத்தது கடனுக்கு ஜாமீன் கையெழுத்தாகத்தான் இருக்கும். அதைக் கெட்ட சகுனம் என்று நம்மில் யாரும் சொல்வதில்லை.

ஆனால் உங்கள் மாமியார் தனியாள் இல்லை. பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தைக் கேளுங்கள், அவர்களும் கத்தி, கத்தரிக்கோல், கடிகாரம் மூன்றையும் பரிசுப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். வெள்ளைக்காரனுக்கும் இதே பயம் உண்டு. பின்லாந்து மட்டும் நேரெதிர். அங்கே 'புக்கோ' என்கிற இடுப்புக் கத்தியை ஒருவருக்குக் கொடுத்தால், உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம். ஆக, கத்தி ஒன்றுதான்; கொடுக்கிற ஊரைப் பொறுத்து அது உறவை வெட்டுகிறது, அல்லது கட்டுகிறது. நான் இந்த விஷயத்தில் பின்லாந்துக் கட்சி.

ஒரு வெள்ளி கொடுத்து 'வாங்கிக்கொண்டால்' தோஷம் போய்விடும் என்கிறார்களே? (வாசகர், கம்பார்)

ஆமாம், சும்மா வாங்காமல் ஒரு சின்னக் காசைக் கொடுத்துவிட்டால் அது பரிசு இல்லை, வியாபாரம். சகுனமே ஏமாந்துவிடும். இங்கிலாந்தில் ஒரு பென்னி கொடுப்பார்கள், சீனர்களும் ஒரு நாணயம் கொடுத்துச் சரிக்கட்டுவார்கள்.

நம் நாட்டில் எந்தக் காசைக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். ஒரு வெள்ளி நாணயம் 2005 டிசம்பர் 7-ஆம் தேதியோடு செல்லாக்காசு ஆகிவிட்டது. அதைக் கொடுத்தால் தோஷம் போகாது, கோபம்தான் வரும். ஒரு காசு? 2008 ஏப்ரலிலிருந்து கடையில் ஐந்து காசுக் கணக்காக்கிப் பில் போடுகிறார்கள். ஒற்றைக் காசு மேசை இழுப்பறையில் தூங்குகிறது. பத்து காசு கொடுங்கள். வாங்குகிறவர் பேரனாக இருந்தால், அந்தப் பத்து காசையும் நீங்களே முதலில் அவனிடம் கொடுக்க வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்குக் கத்தி பரிசளிக்கலாமா? (மருமகள், பெயர் வேண்டாம், ஈப்போ)

உறையோடு கொடுங்கள். பத்து காசை வாங்க மறக்காதீர்கள். ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்துத்தான் எடுக்கச் சொல்ல வேண்டும் என்பார் எங்கள் பாட்டி. மூடநம்பிக்கைதானே? (வாசகர், பாகான் செராய்)

கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று பாட்டிமார் சொன்னவை: உப்பு, மிளகாய், எண்ணெய், ஊசி, கத்தி. இந்தப் பட்டியலில் முதல் மூன்றை உங்களுக்கு விட்டுவிடுகிறேன். ஊசியிலும் கத்தியிலும் பாட்டி சொன்னது மூடநம்பிக்கை இல்லை, பாதுகாப்பு விதி. விடியற்காலை இருட்டு, தோட்டத்து லயத்தில் ஒரே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, அரைத் தூக்கம், இடுப்பில் பிள்ளை. அந்த நேரத்தில் தீட்டிய கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் என்ன ஆகும்? சண்டை வரும் என்று சொன்னால்தான் கேட்பார்கள் என்பதால் அப்படிச் சொல்லி வைத்தார்கள். இன்றைக்குத் தொழிற்சாலைச் சுவரில் ஒட்டுகிறார்களே பாதுகாப்பு அறிவிப்பு, அதைவிட இது நன்றாகவே வேலை செய்தது.

பரிசாகக் கொடுக்கும்போது கத்தியை மடக்கி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வையுங்கள். பாட்டியின் சொல்லும் காப்பாற்றப்படும், பார்க்கவும் அழகாக இருக்கும். விரித்த கத்தியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பிடி வாங்குகிறவர் பக்கம் இருக்கட்டும்.

அம்மாவுடைய ரப்பர் பால் வெட்டும் கத்தியைப் பேரனிடம் காட்டினேன். "இது ஏன் கோணலாக இருக்கிறது, உடைந்துவிட்டதா?" என்கிறான். என்ன சொல்வது? (வாசகி, சுங்கை சிப்புட்)

பையன் கேட்ட கேள்விக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம். கோணலில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் அவனைக் கோலகங்சாருக்கு அழைத்துப் போங்கள். மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. 1876-இல் பிரேசிலிலிருந்து விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. 1877-இல் அங்கே முளைத்த கன்றுகளில் 22 சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. பேராக்கில் அப்போது ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அந்த ஒன்பதில் மிச்சம் இருப்பது இந்த ஒன்று என்கிறார்கள். நம் தாத்தா பாட்டி எல்லோரையும் கப்பலேற்றியது இந்த மரத்தின் பிள்ளைகள்தான். ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள், தப்பில்லை.

இனி கத்திக்கு வருவோம். அமேசான் காட்டில் ரப்பர் மரத்தைச் சின்னக் கோடாரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்து மரக்கட்டை வரைக்கும் இறங்கும், காயம் சரியாக ஆறாது. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர் வேறு வழி கண்டுபிடித்தார். கொத்தாதே, சீவு. ஒரே வெட்டின் ஓரத்தை மெல்லிசாகச் சீவிச் சீவித் திறந்தால் பாலும் நிறைய வரும், பட்டையும் மறுபடி வளரும். பையில் ரப்பர் விதையை வைத்துக்கொண்டு காண்கிற தோட்டக்காரர்களிடமெல்லாம் நடச் சொல்லித் திரிந்ததால் வெள்ளைக்காரத் துரைமார்கள் அவருக்கு வைத்த பெயர் 'பைத்தியக்கார ரிட்லி'. பைத்தியக்காரர் நூறு வயது தாண்டி 1956-இல்தான் கண்ணை மூடினார்.

சீவுவதற்குக் கோடாரி உதவாது, நேர்க் கத்தியும் உதவாது. அதனால் வந்ததுதான் உங்கள் பேரன் பார்த்த கோணல். நுனி மடிந்திருக்கும், தீட்டிய முனை தன் பக்கம் பார்க்கும். மரத்தை அணைத்த மாதிரி நின்று, இடப்பக்கம் உயரத்திலிருந்து வலப்பக்கம் சரிவாக, கத்தியைச் சின்னச் சின்ன இழுப்பாக இழுத்துக்கொண்டே காலையும் நகர்த்த வேண்டும். ஏன் இடமிருந்து வலம்? பட்டைக்குள் பால் குழாய்கள் செங்குத்தாக ஏறுவதில்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இந்தச் சரிவில் வெட்டினால் அதிகக் குழாய் அறுபடும். ஒரு முறைக்குச் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான். ஆழத்திலும் அதே கண்டிப்பு. பால் அதிகம் ஓடுவது உள்பட்டையில், மரத்தின் வளர்படலத்தை ஒட்டி. அதைத் தொட ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போது நிறுத்த வேண்டும். தொட்டுவிட்டால் மரத்தில் காயம், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அப்புறம் பட்டையைப் பார்த்த கங்காணியின் வாயிலிருந்து வருவதை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

இதை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களுக்குச் செய்ய வேண்டும். வெயில் ஏறினால் இலை வழியாகத் தண்ணீர் போய்விடும். குழாய்க்குள் அழுத்தம் குறைந்து பாலும் குறையும். அதனால்தான் அந்த அகால நேரம். ஒரு மில்லிமீட்டர் கணக்கை அளவுகோல் இல்லாமல் கையால் உணர்ந்தவர் உங்கள் அம்மா. இன்றைக்கு அதற்குச் சான்றிதழ் கொடுத்துச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். கோணல் கத்தி உடையவில்லை என்று பேரனிடம் சொல்லுங்கள். நேர்க் கத்தி இந்த வேலையைக் கற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவின் கத்திக்கு ஆண்பிள்ளைதான் வாரிசா? தம்பி கேட்கிறான், நான்தான் மூத்தவள். (வாசகி, கோப்பெங்)

மேலே உள்ள பதிலை இன்னொரு முறை படியுங்கள். அதில் கத்தி பிடித்தது யார்? நம் தோட்டங்களில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போன பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்! கத்தி ஆண்பிள்ளைச் சமாச்சாரம் என்று அந்தக் காலத்தில் யாரும் அவர்களை வீட்டில் உட்கார வைக்கவில்லை. சொத்தாக மாறும்போது மட்டும் ஆண்பிள்ளை ஞாபகம் வருகிறது.

இருந்தாலும் மூத்தவள் என்பதற்காகவும் கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஒரு தம்பூன் பம்பளிமாஸ் வாங்கி வாருங்கள். அந்தத் தடித்த தோலைக் காம்புப் பக்கத்திலிருந்து கீழே கீறி, உள்ளே சுளையில் படாமல் உரிக்க வேண்டும். இருவரும் ஆளுக்குப் பாதி. உரிப்பதைப் பார்க்காதீர்கள், உரித்த பிறகு பாருங்கள். பழத்தை வாயில் போடுமுன் கத்தியைத் துடைத்து மடக்கி வைப்பவர் யாரோ, கத்தி அவருக்கு. இருவருமே துடைக்கவில்லை என்றால் அப்பாவிடமே இருக்கட்டும்.

பழைய கத்தியைக் கொடுத்தால் பேரன் முகம் சுளிக்கிறான். சிவப்பு சுவிஸ் கத்திதான் வேண்டுமாம். (தாத்தா, தைப்பிங்)

பையனைக் குறை சொல்லாதீர்கள், அதுவும் நல்ல பரம்பரை. கார்ல் எல்ஸனர் 1884-இல் இபாக் என்கிற ஊரில் பட்டறை போட்டவர். சுவிஸ் ராணுவம் ஜெர்மனியிலிருந்து கத்தி வாங்குகிறதே என்ற ஆத்திரத்தில் 1891-இல் தானே செய்து கொடுத்தார். நாம் பார்க்கிற அதிகாரிக் கத்தி 1897 ஜூன் 12-இல் பதிவானது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமானத்தில் கத்தி கூடாது என்றானதும் எல்ஸனர் கம்பெனியின் விற்பனை படுத்துவிட்டது. ஆனாலும் ஆளைக் குறைக்காமல் சமாளித்தார்கள். ஆள் குறைப்பு என்றால் என்ன என்று அறிந்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் சிவப்புக் கத்தியைப் பிடிக்க வேண்டும்.

அவனுக்குச் சிவப்புக் கத்தியை வாங்கிக் கொடுங்கள். உங்கள் கத்தியை நீங்களே வைத்துக்கொண்டு அவன் கண் முன்னால் தினமும் எதையாவது வெட்டுங்கள். அவனே கேட்பான்.

நாற்பது வருஷமாகப் பீரோவில் கிடந்த கத்தி. துரு. பாலிஷ் போட்டுக் கொடுக்கட்டுமா? (வாசகர், மெங்லெம்பு)

கடையில் கொடுத்துப் பளபளப்பாக்கினால் உங்கள் அப்பா தேய்த்த தேய்ப்பும் போய்விடும். பழைய எஃகு கறுத்திருப்பது நோய் இல்லை. எலுமிச்சையும் பழமும் வெட்டி வெட்டி ஏறிய கறுப்பு அது, துருவிலிருந்து காப்பாற்றவும் செய்யும். சிவப்பாகப் பொருக்கு தட்டியிருப்பதுதான் துரு. அதை மட்டும் எண்ணெய் தொட்டு, மெல்லிய இரும்பு நாரால் பொறுமையாக எடுங்கள். மடிப்புக்குள் சேர்ந்த அழுக்கைப் பல்குத்தும் குச்சியால் தோண்டுங்கள். ஆணியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் கெட்டுப்போய்ப் பிசுபிசுக்கும்.

தீட்டுவதற்குச் சாணைக்கல் இல்லையா? சேவல் படம் போட்ட சீன மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வழவழப்பு பூசாத வட்டம் ஒன்று சொரசொரவென்று இருக்கும். அதில் கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, ஒரு பக்கம் பத்து இழுப்பு, மறுபக்கம் பத்து இழுப்பு. மொட்டைக் கத்திக்குப் போதாது, மழுங்கலுக்குப் போதும். நன்கு தீட்டியாயிற்றா என்று தாளை வெட்டிப் பாருங்கள், கட்டைவிரலில் தடவிப் பார்க்கிற வீரத்தைப் பேரன் முன்னால் காட்டாதீர்கள்.

சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஈப்போ டவுனுக்குப் போகலாமா? என் அப்பா போனாரே! (வாசகர், சிம்மோர்)

உங்கள் அப்பா ஹெல்மெட் இல்லாமல் மோட்டாரிலும் போயிருப்பார். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் சிரிக்காமல் பதில் சொல்கிறேன்.

1958-ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாய ஆயுதச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தகுந்த காரணமோ அனுமதியோ இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் அதன் 6-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. மடக்குக் கத்தி ஆயுதமா, பழம் வெட்டும் சாமானா என்பதை இரவு பன்னிரண்டு மணிக்குச் சாலைத் தடுப்பில் நின்று போலீஸ்காரரிடம் வாதாட நமக்கு வேண்டாம். பேரனுக்குக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: இது வீட்டுக்கும் தோட்டத்துக்கும். பள்ளிக்கூடப் பைக்குள் போகாது, பாசார் மாலாமுக்குப் போகாது, நண்பனிடம் காட்ட மோட்டாரில் ஏறாது. பொத்தானைத் தட்டினால் படக்கென்று பாயும் வில்லுக்கத்தியைப் பரிசாக நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். விமானத்தில் எடுத்துப் போய்க் கொடுக்க ஆசை. (அம்மா, ஈப்போ)

கைப்பையில் வைத்தால் சோதனை மேசையில் பிடுங்கிவிடுவார்கள், மூன்று தலைமுறைப் பொருள் குப்பைக் கூடையில் போகும். அந்த ஊர்ச் சட்டமும் இளகிய மனசு கொண்டதல்ல. தீபாவளிக்கு அவன் வரும்போது வீட்டில் வைத்துக் கொடுங்கள். கத்தி ஈப்போவிலேயே இருக்கட்டும். அதைச் சாக்கிட்டாவது அவன் வரட்டும்.

பேராக்கில் கைமாறிய கத்திகளில் பெரிய கத்தி எது? (மாணவர், கோலகங்சார்)

உங்கள் ஊரிலேயே இருக்கிறது தம்பி. பேராக் அரச சின்னங்களில் ஒன்றான தாமிங் சாரி கெரிஸ். மலாய் வீரன் ஹாங் துவா கையில் இருந்தது என்பது மரபு. சுல்தானிலிருந்து சுல்தானுக்குப் போகிறது. பத்து காசு வாங்கினார்களா என்று கேட்டு எனக்கு எழுதாதே.

தோட்டத்தில் வேலை செய்த அப்பா விட்டுப் போனது ஒரு மடக்குக் கத்தி. இதைப் போய்ச் சொத்து, பொக்கிஷம் என்று எழுதுகிறீர்களே, சிரிப்பாக இல்லையா? (வாசகர், தஞ்சோங் ரம்புத்தான்)

இல்லை ஐயா. வேறு என்ன விட்டுப் போக முடியும் அவரால்? எண்ணிப் பாருங்கள். படுத்த லயம் கம்பெனியுடையது. வெட்டிய மரம் கம்பெனியுடையது. பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடமும் கும்பிட்ட மாரியம்மன் கோயிலும் நின்றது கம்பெனி மண்ணில். வேலையை விட்டு நின்றால் வீட்டையும் விட்டு நிற்க வேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரன் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் நடுச்சடக்கில் நின்றார்கள். அதைப் பொறுக்காமல்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். அதில் சேர்ந்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், செம்பனையும் போய் வீடமைப்புப் பலகை வந்தபோதும் லாரியில் சாமி படத்தையும் தையல் மெஷினையும் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வந்தார்கள்.

அந்த மனிதரின் சட்டைப் பையில் இருந்த கத்தி ஒன்றுதான் கம்பெனிக் கணக்கில் ஏறாத பொருள். சொந்தக் காசில் வாங்கியது. வெற்றிலைக் காம்பு கிள்ளியது, பிள்ளைக்குக் கரும்பு சீவியது, பென்சில் கூராக்கியது, வாழையிலை அறுத்தது. பிடியில் கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் குழிந்திருக்கும், எடுத்துப் பாருங்கள். அலகு தேய்ந்து பாதியாகியிருக்கும். அந்தப் பாதி எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? உங்களை வளர்க்கத்தான் போனது. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ஆனால் கத்தியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். வேண்டாம் என்றால் கோப்பெங் வாசகியிடம் கொடுங்கள், அவருக்கும் அவர் தம்பிக்கும் ஆளுக்கொன்று ஆகிவிடும்.

உயில் எழுதி வைக்கலாமா, இப்போதே கொடுத்துவிடலாமா? (தாத்தா, தெலுக் இந்தான்)

இப்போதே. நிலத்தையும் வங்கிப் பணத்தையும் உயிலில் எழுதுங்கள், கத்தியை எழுதாதீர்கள். கருமாதி வீட்டில் பீரோவிலிருந்து எடுக்கிற கத்தியை யாரும் பழம் வெட்டப் பயன்படுத்த மாட்டார்கள். துணியில் சுற்றி வைத்துவிடுவார்கள், அது அங்கேயே துருப்பிடிக்கும். உங்கள் கை நடுங்காமல் இருக்கும்போதே பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து, தீட்டக் கற்றுக்கொடுத்து, துடைக்கக் கற்றுக்கொடுத்து, பத்து காசை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். அவன் விரலை ஒரு முறை லேசாகக் கீறிக்கொள்வான். பிளாஸ்திரி பக்கத்தில் இருக்கட்டும், அவன் அம்மா பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த கத்தியைத் திருப்பிக் கேட்கலாமா? (அதே தாத்தா)

அதற்குள்ளாகவா! கேட்கலாம். அவனுக்குப் பத்து காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த வாரம்: புதுவீட்டுக்குப் போகும்போது சீன நண்பருக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்துவிட்டு விழிக்கிற வாசகர்களுக்காக. கேள்விகளை வழக்கம்போல் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து கத்தியை அனுப்ப வேண்டாம்.